முச்சந்தியில் கிடந்த விரல்

ஜனவரி 4, ஞாயிறு

வெங்காயச் சருகு வேலை செய்கிறது. வேலை செய்கிறது. இரண்டு தடவை எழுதிவிட்டேன், பரவாயில்லை, இன்னொரு தடவைகூட எழுதலாம்.

அம்மா வெங்காயம் அரியப் போகிற களத்திலிருந்து ஒரு சாக்கு நிறையச் சருகு அள்ளி வந்திருந்தேன். பஞ்சு மேல் ரப்பர் பால் ஒரு பூச்சு, அதன்மேல் சருகு, காய்ந்ததும் மறுபடி பால், மறுபடி சருகு. போகப்போக அது தோல் ஆகிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே நரம்பு ஓடுகிற மாதிரி ரோஸ் நிறக் கோடுகள். தொட்டால் கூசுகிறது. நான் செய்த ஒன்றைத் தொட எனக்கே கூசுகிறது என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

பெயர் நத்தையன். காரை என்கிற ஊர்ப் பக்கத்து ஓடைகளில் கிடைக்கும் சுருண்ட நத்தைக் கல்லிலிருந்து வந்த யோசனை. பெரம்பலூர், அரியலூர் எல்லாம் ஒரு காலத்தில் கடல். கடல் போய்விட்டது. அதிலிருந்த ஒன்று மட்டும் கல்லுக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு காலேஜ் பையன் அந்தக் கல்லை வீட்டுக்கு எடுத்துப் போகிறான். இதுதான் என் படம், 'ஓடையில் ஒன்று', எட்டு நிமிஷம். பிப்ரவரி கடைசியில் அரியலூரில் நடக்கிற குறும்பட விழாவுக்கு அனுப்புகிறேன். அங்கே பெரிய திரை. நத்தையனைப் பெரிய திரையில் பார்க்காமல் விடமாட்டேன்.

பிரசாத் வீடியோ காலில் பார்த்தான். பி.சி.ஏ.வில் என்னோடு படிக்கிறவன். அவன் போன்தான் எங்கள் கேமரா, அவன்தான் ஹீரோவும்.

"ஒரு தோலுக்கு இவ்வளவு நாளா? ஏஐகிட்ட ரெண்டு வரி டைப் பண்ணா இதவிட பயங்கரமா ஒண்ணு குடுக்கும். எச்சி ஒழுவும். எட்டுக் கண்ணு இருக்கும்."

"அதத் தொட முடியுமாடா?"

"எதுக்குத் தொடணும்? பாக்கத்தான போறாங்க."

அங்கேதான் அவன் கோட்டை விடுகிறான்.

எட்டாவது படிக்கும்போது அண்ணன் போனில் ஒரு பழைய இங்கிலீஷ் படம் பார்த்தோம். கருப்பு வெள்ளை. வேற்றுக் கிரகத்து ஜந்து ஒன்று கதவைத் திறந்துகொண்டு வரும், திரும்பும், முதுகில் ஜிப் தெரியும். அண்ணன் புரண்டு புரண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஜிப்புக்குள் ஒரு ஆள் வேர்த்து நிற்கிறார், இன்னொரு ஆள் உட்கார்ந்து அதைத் தைத்திருக்கிறார் என்பதே மண்டைக்குள் ஓடியது. அதற்கப்புறம் எழுபது, எண்பதுகளின் விண்வெளிப் பயங்கரப் படங்கள் ஒன்றுவிடாமல். ஒயர் இழுத்து அசையும் விரல்கள். ரப்பர் நெற்றிக்கு அடியில் பலூன் ஊதித் துடிக்கவைக்கிற நரம்பு. தலைகீழாக ஓட்டி எடுத்த காட்சி. மேஜை அளவே இருக்கும் விண்கலம். முக்கால்வாசி நேரம் ஜந்துவைக் காட்டவே மாட்டார்கள். புகை, சொட்டுகிற தண்ணீர், ஒரு வால் நுனி, அவ்வளவுதான். காட்டும்போது அது நிஜமாகவே அந்த அறைக்குள் இருக்கும். அதற்கு எடை இருக்கும். எதிரில் நிற்கும் நடிகர் கண்ணில் இருக்கிற பயத்தில் பாதி நடிப்பு, பாதி நிஜம்.

கடைசியில் பெயர்கள் ஓடும்போது நிறுத்தி நிறுத்திப் படிப்பேன். கண் செய்தவர், முடி ஒட்டியவர், கோழை கலக்கியவர். எல்லாருக்கும் பெயர் உண்டு. என் படத்திலும் இருக்கும்.

ஜனவரி 7, புதன்

முடிப் பிரச்சினை. கடைச் சவுரி பளபளவென்று கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கிறது. நத்தையன் தலையில் இருக்க வேண்டியது சீப்பில் சிக்கி வருகிற முடி, செத்த முடி. அம்மாவின் முடியும் என் முடியும் சேர்த்தும் பற்றவில்லை.

எதிர்வீட்டு வைரக்கண்ணு பெரியம்மாவுக்கு இந்தத் தெருவிலேயே நீள முடி. வாசற்படியில் உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டேன்.

சீப்பு அப்படியே நின்றது. "எதுக்குடி?"

"ஒரு பொம்மைக்குப் பெரியம்மா."

"பொம்மைக்கு." உதிர்ந்த முடியை விரலில் சுற்றி, அதன்மேல் மூன்று தரம் துப்பி, மடியில் செருகிக்கொண்டாள். "முடியக் குடுக்கறதும் உசுரக் குடுக்கறதும் ஒண்ணு. கண்டவ கையில சிக்குனா என்ன வேணா வப்பா. போ, போயிப் படிக்கிற வேலயப் பாரு."

அம்மாவிடம் சொன்னால் அவளும் எரிந்து விழுகிறாள். "அவகிட்டப் போயி எவளாச்சும் முடி கேப்பாளா? மருமவ முழுவாம இருக்குற நேரம். சந்தேகப் பொறப்பு அவ."

சரி. இருக்கிற முடியை ஒட்டிவிட்டேன், இல்லாத இடத்தில் நத்தையன் வழுக்கையாகவே இருக்கட்டும். கடலிலிருந்து வந்தவனுக்கு எதற்கு அடர்த்தி.

ஜனவரி 10, சனி

வலது கை தூக்கியது!

அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் போட்ட கிளட்ச் ஒயர்கள் விரல்களுக்கு. தோளுக்குள் ஒரு வண்டி ஸ்டாண்டு ஸ்பிரிங். அது எப்போதும் கையை மேலே தூக்கப் பார்க்கும். சைக்கிள் டியூப் ரப்பர் ஒன்று அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். ரப்பரைக் கொஞ்சம் தளர்த்தினால் கை மெதுவாக எழும்பும். அண்ணன் பெயர் அறிவழகன், ஒர்க்‌ஷாப்புக்கே முதலாளி, தானே மாட்டிய ஸ்பிரிங். கை எழும்பியதும் ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் பின்னால் போனான்.

"ச்சீ, மூடி வை அத," என்றான்.

இதுவரை எனக்குக் கிடைத்த சிறந்த விமர்சனம்.

ஜனவரி 17, சனி

காணும் பொங்கல். ஊரே கறிக்குழம்பில் இருந்தபோது நாங்கள் காரை ஓடையில். அந்த இடத்தைப் பார்த்தால் செவ்வாய்க் கிரகத்துக்கு எதற்குச் செலவு பண்ணிப் போகிறார்கள் என்று தோன்றும். வெடித்த மண், மடிப்பு மடிப்பாக, ஒரு செடி இல்லை. ஆடு மேய்க்க வந்த ஒருத்தர் போர்வையில் சுற்றியிருந்த நத்தையனைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?" என்றார்.

பாறைக்குப் பின்னாலிருந்து விரல்கள் மட்டும் வெளியே வரும் காட்சி எடுத்தோம். மூன்று விரல், புளியங்கொட்டைத் தோலில் நகம். முகத்தைக் காட்டவே இல்லை. பிரசாத்துக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சிட்டு மறைக்கிறியே, லூசா நீ?"

மறைக்கிறதுக்குத்தான்டா இவ்வளவு கஷ்டமும்.

ஜனவரி 24, சனி

ரத்தம் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்கவில்லை, நம் வீட்டிலேயே இருந்தது. ஆரத்தி. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பாகும். எத்தனை கல்யாணத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், மண்டையில் உறைக்கவில்லை.

நத்தையனின் ரத்தம் மஞ்சள். ஜவ்வரிசிக் கஞ்சியில் மஞ்சளைக் கலந்தால் கெட்டியாக, கொழகொழவென்று வரும். பிரசாத் கையில் சுண்ணாம்புத் தண்ணீர் லேசாகத் தடவியிருக்கும், கேமராவுக்குத் தெரியாது. அந்த மஞ்சள் அவன் கையில் சொட்டியதும் நம் கண் முன்னாலேயே சிவப்பாகும். வெட்டே இல்லாமல், ஒரே ஷாட்டில். ஜந்துவின் ரத்தம் மனுஷ ரத்தமாக மாறுகிறது. அவனுக்குள் இறங்குகிறது.

இதை எந்த மிஷினும் யோசிக்காது. ஆரத்தி எடுத்த ஊர்க்காரிதான் யோசிப்பாள்.

ஜனவரி 25, ஞாயிறு

கொல்லையில் எடுத்தோம். நாலாவது டேக்கில் சரியாக வந்தது. பிரசாத் நடிக்கவே இல்லை, சிவப்பு பரவப் பரவக் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டான். "எரியுதுடி, நெசமாவே எரியுது." அந்த முகம் போதும்.

மிச்சம் ஒரு பக்கெட் சிவப்புத் தண்ணீர். சாக்கடையில் சாய்க்கப் போனேன். அம்மா ஓடி வந்தாள்.

"ஏ, அங்க ஊத்தாத. ஆரத்தித் தண்ணிய சாக்கடயிலயா ஊத்துவாங்க?"

"இது சினிமா ரத்தம்மா."

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா ஆரத்திதான். நீ என்ன பேரு வச்சாலும். முச்சந்தியில கொண்டுபோயி ஊத்திட்டு வா, திரும்பிப் பாக்காத."

அம்மாவிடம் சில விஷயத்தில் வாதாட முடியாது. இருட்டுகிற நேரம், மூன்று தெரு கூடுகிற இடத்தில் பக்கெட்டோடு கவிழ்த்துவிட்டு வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நத்தையனின் வலது கையில் ஒரு விரலைக் காணோம். கொல்லையில் எங்கேயாவது கிடக்கும். நாளைக்குத் தேடலாம்.

ஜனவரி 26, திங்கள்

விரல் கொல்லையில் இல்லை.

விரல் முச்சந்தியில் இருந்தது. பக்கெட்டில் விழுந்து கிடந்ததைக் கவனிக்காமல் கவிழ்த்திருக்கிறேன். விரல் மட்டுமில்லை, தலையிலிருந்து கழன்ற முடிக் கொத்தும். காலையில் பால் வாங்கப் போனவர்கள் பார்த்தது ஒரு பக்கெட் சிவப்பு, நடுவில் முடி, அதன்மேல் நகத்தோடு ஒரு விரல்.

திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அம்மா பேச்சைக் கேட்டதன் பலன்.

தெருவே கூடிவிட்டது. யாரும் தாண்டவில்லை. கொடியேற்றத்துக்குப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்று வழியில் கூட்டிப் போகிறார்கள். வைரக்கண்ணு பெரியம்மா தலைவிரி கோலமாக நிற்கிறாள். "என் மருமவளுக்குத்தான் வச்சிருக்காங்க. எவ வச்சான்னும் எனக்குத் தெரியும். முடி கேட்டு வந்தாளே."

கதவைச் சாத்திவிட்டு அம்மா என் வாயைப் பொத்தினாள். "நீ வாயத் தொறக்காத. தொறந்தா நம்மதான் செஞ்சோம்னு ஆயிரும்."

நம்மதானம்மா செஞ்சோம். செய்வினை இல்ல, செஞ்சோம்.

ஜனவரி 27, செவ்வாய்

வாயைத் திறந்துவிட்டேன்.

சாயங்காலம் எங்கள் தெருக் கோயில் முன்னால் கூட்டம். வார்டு மெம்பர் கண்ணையன் நாற்காலியில். ஆத்தூர் பக்கத்திலிருந்து செய்வினை எடுக்கிற ஆளைக் கூட்டி வருவதாகப் பேச்சு. அந்த ஆள் வந்தால் யாராவது ஒருத்தர் பெயரைச் சொல்லாமல் போகமாட்டான். எந்த வீட்டைச் சொல்வான் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிட மோசம்.

போர்வையோடு நத்தையனைத் தூக்கிக்கொண்டு போய் நடுவில் உட்காரவைத்தேன். அண்ணனும் கூட வந்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

"அந்த வெரல் இதோடது. முடி எங்கம்மாவுது, என்னுது. ரத்தம் ஆரத்தித் தண்ணி. நாந்தான் ஊத்துனேன். சினிமா எடுக்கறதுக்குச் செஞ்சது. யாருக்கும் ஒண்ணும் வைக்கல."

போர்வையை விலக்கியதும் முன்வரிசை பின்வரிசை ஆனது. யாரோ சிரித்தார்கள், யாரோ காறித் துப்பினார்கள். ஒயரை இழுத்து விரலை ஆட்டிக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. நிலைமை இன்னும் மோசமானது.

"பொம்மன்னா ஒரு மொகம் லட்சணமா இருக்காதா?" என்றார் கண்ணையன். "இது என்னத்தம்மா செஞ்சி வச்சிருக்க?"

"பயப்படுறதுக்குத்தாங்க செஞ்சது. பயந்துட்டீங்கல்ல. அப்ப நல்லா செஞ்சிருக்கேன்னு அர்த்தம்."

"வாயப் பாரு," என்றாள் பெரியம்மா. "சினிமாவோ சாமியோ, முடி வச்சி உருவம் செஞ்சாச்சு. அது தெருவுல இருக்கற வரைக்கும் என் மருமவ கண்ண மூட மாட்டா. பயத்துல புள்ளைக்கு ஒண்ணு ஆனா நீ வந்து பதில் சொல்லுவியா?"

அவள் மருமகள், அந்த அக்கா, வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு.

கண்ணையன் முடித்துவைத்தார். "கொளுத்திடுங்க. பேச்சு முடிஞ்சிது. ஆத்தூர் ஆளும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சரி," என்றேன். "ஆனா கொளுத்தறது நாந்தான். நாளைக்கு, வெளிச்சம் இருக்கும்போதே. நீங்க எல்லாரும் நிக்கணும். நாங்க படம் புடிப்போம். ஒத்துக்கிட்டா எரிக்கிறேன், இல்லன்னா எங்க வூட்டுக் கூடத்துல உக்காந்திருக்கும்."

"பொணத்தக்கூட போட்டோ எடுக்கறாளுவ," என்றார் யாரோ. ஆனால் ஒத்துக்கொண்டார்கள்.

அழமாட்டேன். கண் செய்த கண்ணாடிக் கோலியை மட்டும் நோண்டி எடுத்துக்கலாமான்னு தோணுது. வேணாம். போறவன் முழுசா போகட்டும்.

ஜனவரி 28, புதன்

கோயிலுக்குப் பின்னாலிருக்கும் தரிசில். சாயங்காலம். நத்தையனைக் கல்மேல் உட்காரவைத்தோம், கைகள் மடியில். முச்சந்தியில் கிடந்த விரலை எடுத்து வந்து அவன் காலடியில் வைத்தேன். பிரசாத் கூட்டத்துக்குப் பின்னால் ஸ்டாண்டில் போனை மாட்டி, கூட்டமும் தெரிகிற மாதிரி வைத்தான். அவன் இன்று ஒரு வார்த்தை கிண்டல் பேசவில்லை. "ஒரே டேக்தான், பாத்துக்க," என்று மட்டும் சொன்னான்.

கொளுத்தினேன். சருகு சட்டென்று பிடித்தது. வெங்காயம் வதங்குகிற வாசம். பசி எடுக்கிற வாசம், அந்த நேரத்தில்.

முகம் சுருங்கி ஒரு பக்கமாகச் சிரிக்கிற மாதிரி ஆனது. அப்புறம்—

வலது கை தூக்கியது.

யாரும் தொடவில்லை. ஒயரைப் பிடித்து யாரும் இழுக்கவில்லை. எரிந்துகொண்டே மெதுவாக எழும்பி, தோளுக்கு நேராக வந்து, மீதி இருந்த இரண்டு விரலும் கூட்டத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. பெரியம்மா அலறின அலறல் வேப்பந்தட்டை தாண்டிக் கேட்டிருக்கும். தெருவே ஓடியது. கண்ணையன் ஒரு செருப்போடு. பிரசாத்தும் ஓடிவிட்டான். போன் மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

எனக்கும் ஒரு நொடி உசுரே போயிட்டு வந்துச்சு. நானே செஞ்சது. நானே பயந்துட்டேன்.

அப்புறம் அண்ணன் சொன்னான், ஓடிப்போய் நின்ற இடத்திலிருந்தே. "டியூப் ரப்பரு மொதல்ல எரிஞ்சிருச்சு. ஸ்பிரிங் தூக்கிருச்சு. அவ்வளவுதான்." சொல்லிவிட்டுக் கிட்டே வரவில்லை.

என் படத்தின் கடைசி ஷாட் இதுதான். இதைவிட ஒன்றை நான் யோசித்திருக்கவே முடியாது.

ஜனவரி 29, வியாழன்

சாம்பலில் ஸ்பிரிங் கிடைத்தது. கழுவி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

படத்தை அனுப்பிவிட்டோம். டிரெய்லரைப் பிரசாத் அவன் வீடியோ போடுகிற பக்கத்தில் போட்டிருக்கிறான். பெயர்கள் ஓடும் இடத்தில் ஒருத்தரையும் விடவில்லை. 'ஒயர், ஸ்பிரிங்: அறிவழகன். முடி: காத்தாயி.' அம்மாவிடம் காட்டினேன். "என் பேரு எதுக்கு," என்றாள். அப்புறம் ராத்திரிச் சோறு போடும்போது, "அத இன்னொரு தரம் ஓட்டு," என்றாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஏஐயாம்.

டிரெய்லருக்குக் கீழே வரிசையாக அதுதான். 'ஏஐ குப்பை.' 'கை தூக்குறதப் பாத்தாலே தெரியுது.' 'கூட்டம் ஓடுறது செயற்கையா இருக்கு.' செயற்கையாம். கண்ணையன் செருப்பைத் தேடிக்கொண்டு மறுபடி வந்தது இவர்களுக்குத் தெரியுமா?

அதோடு போகவில்லை. விழா நடத்துகிற மணிமொழி மேடம் அரியலூரிலிருந்து பேசினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். விதிப்படி ஏஐ காட்சி கூடாது, கடைசி ஷாட் மேல் குழுவில் எல்லாருக்கும் சந்தேகம், அதுவும் பிரசாத்தின் பக்கம் முழுக்க ஏஐ வீடியோவாக இருக்கிறது என்றார். எட்டுக் கண்ணு ஜந்துக்களுக்கு நடுவில் என் நத்தையன். பிரசாத்தைக் கொன்றால் தப்பில்லை.

"எடுத்தபடியே இருக்கற வீடியோவ அனுப்பும்மா."

பிரசாத் அழித்துவிட்டான். போனில் இடம் இல்லையாம்.

"அப்ப அந்த உருவத்தையாவது கொண்டாந்து காட்டு."

"எரிச்சிட்டோம் மேடம். எரிக்கறதுதான் அந்த ஷாட்டு."

"நாளைக்குள்ள ஒரு முடிவு சொல்லு. கடைசி ஷாட்ட எடுத்துட்டுக் குடுத்தா போட்டுடறோம்."

பிரசாத் உடனே, "வெட்டிரலாம்டி. இருவத்தஞ்சு செகண்டு. படம் திரைக்கு வந்துரும்ல," என்கிறான். அவன் குரலில் குற்ற உணர்ச்சி இருக்கிறது, தெரிகிறது. அதற்காக?

வெட்ட மாட்டேன். கையில செஞ்சத கையில செஞ்சதுன்னு சொல்றதுக்கு நான் எதுக்குக் கையக் கட்டிக்கணும்? அவன் எரிஞ்சதுக்கு அப்புறமும் தூக்குன கை அது. நான் அத வெட்டி எறிஞ்சா தெருவும் நானும் ஒண்ணு. போகாட்டிப் போகுது பெரிய திரை.

போகக் கூடாது. போகக் கூடாதுன்னுதான் இருக்கு.

பிப்ரவரி 14, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், பின்னால் எனக்கே நம்பிக்கை வராது.

மேடம் காலையில் கூப்பிட்டார். வீட்டுக்குள் டவர் கிடைக்காது, வாசலில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். வெட்ட மாட்டேன் என்று சொன்னேன். மேடமும் விடவில்லை.

"கோவப்படாதம்மா. கை மட்டும் இல்ல. அந்தக் கூட்டமே நெசமா தெரியல. முன்னாடி ஒரு அம்மா வாயத் தொறந்துக்கிட்டு ஓடி வராங்களே, அந்த மொகம் மனுஷ மொகம் மாதிரியே இல்ல. கம்ப்யூட்டர்தான் அப்படி வரையும்."

எதிர்வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த வைரக்கண்ணு பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். தெருவைத் தாண்டி வந்தாள். அன்றைக்கப்புறம் எங்கள் வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை. போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"யாரும்மா அது, என் மொகம் மனுஷ மொகம் இல்லங்கறது?"

மேடம் திணறிவிட்டார். "நீங்க யாரு?"

"நாந்தான் ஓடுனவ. பொய்யின்னா சொல்ற? முட்டி பேந்து பத்துப் போட்டுருக்கேன், வந்து பாரு. கல்லு மேல உக்காத்தி வச்சி இந்தப் புள்ளதான் கொளுத்துச்சு. நாங்கதான் கொளுத்தச் சொன்னோம். ஒருத்தரும் தொடல. தானா தூக்குச்சு கைய. ரெண்டு வெரல நீட்டி என்னயவே காட்டுச்சு. இன்னமும் சோத்துல கைய வச்சா அதுதான் தெரியிது எனக்கு."

"இல்லம்மா, அது... கம்ப்யூட்டர்ல..."

"கம்பூட்டரா? எங்க தெருவுல கரண்டே ஒழுங்கா கெடையாது. கண்ணையன் ஒத்தச் செருப்போட ஓடுனாரு, அவருகிட்ட கேளு. நம்பர் தரட்டா?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பா, அழுகையா, எது முன்னால் வந்தது என்று தெரியவில்லை.

கடைசியில் மேடம்தான் சிரித்தார். கண்ணையனையும் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். போனை என்னிடம் கொடுக்கும்போது பெரியம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒனக்காவ ஒண்ணும் பேசல," என்றாள். "நான் பயந்தது பொய்யின்னா என்ன மானம் மிஞ்சும்?"

சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தது. வெட்டாமல் போடுகிறார்கள். 'ஓடி வரும் அம்மாவையும் அழைத்து வரவும்.'

பிப்ரவரி 22, ஞாயிறு

அரியலூர். பஸ்ஸில் அம்மா, அண்ணன், பிரசாத், பெரியம்மா, வீட்டில் சொல்லாமல் வந்த கண்ணையன். பெரியம்மா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, ஊர் வருகிற வரை யாரோடும் பேசவில்லை.

பெரிய திரையில் நத்தையன் தோல் எப்படி இருக்கிறது தெரியுமா? பிரசாத் கையில் மஞ்சள் சிவப்பானபோது பின்னாலிருந்து ஒரு பெண், "ஏய், இது ஆரத்தி," என்றாள். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே காலைத் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்து முகத்தைக் காட்டினேன். கழுத்துக்கிட்டே தையல் தெரிந்தது. பெரிய திரையில் நன்றாகவே தெரிந்தது. எனக்கு வெட்கமாக இல்லை. யாரோ எட்டாவது படிக்கிறவள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

கடைசி ஷாட். கை தூக்கியது. திரையில் பெரியம்மா வாயைத் திறந்துகொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிஜப் பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெயர்கள் ஓடின. 'முடி: காத்தாயி.' எங்கள் வரிசை கைதட்டியது. அண்ணன் விசிலே அடித்தான். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பரிசு வேறு படத்துக்கு. பிரசாத்துக்குக் கோபம். எனக்கில்லை. நாற்பது அடித் திரையில் நத்தையன் விரல் ஒரு ஆள் உயரம் இருந்தது.

திரும்பி வரும்போது பெரியம்மா ஒரே ஒரு தரம் வாயைத் திறந்தாள். "காத்தாயி பேரு மட்டும் வருது."

மார்ச் 3, செவ்வாய்

எதிர்வீட்டு அக்காவுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அம்மாதான் ஆரத்தி எடுத்தாள். தட்டை முச்சந்தியில் ஊற்றப் போனது நான். பெரியம்மா கூடவே வந்து தண்ணீருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

இன்று சாயங்காலம் கொல்லையில் உட்கார்ந்து அடுத்த படத்து ஜந்துவுக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தேன். பழைய ஸ்பிரிங்தான் இவனுக்கும். பெரியம்மா வந்தாள். ஒரு பேப்பர் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தாள்.

"இது எதோட கையி?"

"கையில்ல பெரியம்மா, தாடை."

"தாடயா." வளைந்த கம்பியைக் குனிந்து பார்த்தாள். "பேரு போடும்போது வைரக்கண்ணுன்னு முழுசாப் போடு. வைரம்னு போடாத."

போய்விட்டாள். பிரித்தேன். ஒரு கொத்து முடி, விரலில் சுற்றி உருவிய சுருளாக, நீளமாக, பாதி நரைத்து. தொட்டுப் பார்த்தேன்.

காய்ந்திருந்தது. துப்பவில்லை.